எழுத்தழிந்த இரண்டு கசெட்டுகள்

சைலீன் திரவத்திலிருந்து கூடையைத் தூக்கியபோது, இழையம் வைக்கும் இரண்டு கசெட்டுகளிலும் எழுத்து இல்லை. முதல் நாள் நான் எழுதிய எண்கள் அற்ககோலில் கரைந்து போயிருந்தன. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பயறளவு இழையத் துண்டு. எது யாருடையதென்று தெரியவில்லை. இழையம் வந்த போத்தல்களிலும் மிச்சம் வைக்கவில்லை.

நான் அப்போது மட்டக்களப்பில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ரெக்னீசியன். சுனாமிக்குப் பிறகு வாவி மீன்களின் ஈரல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இழையத்தை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடிச் சிலைட்டில் ஒட்டி நிறமூட்டுவோம். வாகரைப் பக்கம் சண்டை மூண்டு கொழும்புப் பாதை அடிக்கடி பூட்டுப்பட்டதால், ஆஸ்பத்திரி சேர்ஜன் நோயாளிகளின் இழையங்களையும் எங்களிடமே அனுப்பத் தொடங்கினார்.

அந்த இரண்டும் மார்புக் கட்டியில் எடுத்தவை. ஒன்று ரோசலின் அன்ரியுடையது. அவர் டவுணில் தையல் தைக்கும் பறங்கிப் பெண்மணி, அறுபது தாண்டியவர். மற்றது யோகராணியுடையது. மாங்கேணியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவள், வயது இருபத்தேழு.

கசெட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அன்று ஷெல் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்ற அந்தரத்தில், கையில் அகப்பட்ட பேனையால் எழுதிவிட்டேன்.

நிறமூட்டிய சிலைட்டுகளை எங்கள் பொறுப்பாளர் டொக்டர் பார்த்தார்.

“இது புற்றுநோய். மற்றது சும்மா கட்டி. எது ஆர்ட?”

“தெரியாது சேர். நம்பர் அழிஞ்சு போச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வயசு போனவக்குத்தான் இது வந்திருக்கும். இளம் பிள்ளைக்குச் சும்மா கட்டியாத்தான் இருக்கும். அப்படியே எழுதுங்க.”

“நிச்சயமாச் சொல்லேலுமா சேர்?”

“இந்த நிலைமையில ஆரைத் திருப்பிக் கூப்பிடுறது? அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த முகாமில இருக்குமோ!”

றிப்போட்டுகளை ரைப் செய்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு இருக்க முடியவில்லை. கழுவிய கையையே மறுபடியும் கழுவினேன். மீன் ஈரலை வெட்டப் போனால் சீவல்கள் கிழிந்துபோயின. கொரிடோரில் இரண்டு தடவை நடந்தேன். மூன்றாம் தடவை அப்படியே வெளியே இறங்கி சேர்ஜனிடம் போனேன்.

“பேனையால எழுதினீங்களா? எத்தின வருஷம் சேவிஸ்?” என்று கத்தினார்.

“எட்டு.”

“ரெண்டு பேரையும் நீங்களே கூட்டி வாங்க. ஏனெண்டும் நீங்களே சொல்லுங்க.”

ரோசலின் அன்ரி தையல் மெஷினிலிருந்து எழும்பவேயில்லை. “இன்னொருக்கா ஊசியா? என்னால ஏலா புள்ள” என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க அரை நாள் போனது.

முகாமில் யோகராணி தண்ணீர் வரிசையில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். “என்ட பிழைதான்” என்றேன்.

தண்ணீர்க் கானை நிலத்தில் வைத்தாள். “கடல் வந்து வீட்டக் கொண்டு போச்சு. ஷெல் வந்து ஊர உட்டுக் கலைச்சிச்சு. அதுக்கெல்லாம் ஒருத்தரும் வந்து என்ட பிழையெண்டு சொல்லல்ல” என்றாள். கானைத் திரும்பத் தூக்கினாள். “தண்ணிய எடுத்து வெச்சிட்டு வாறன்.”

சேர்ஜன் இருவரிடமும் மறுபடி இழையம் எடுத்தார். இம்முறை ஒருவருடையதை முடித்த பிறகே மற்றவருடையதைத் தொட்டேன்.

புற்றுநோய் யோகராணிக்குத்தான்.

டொக்டர் சிலைட்டை நெடுநேரம் பார்த்தார். “அந்தப் பழைய றிப்போட் எங்க?” என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். புது றிப்போட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். பழைய றிப்போட்டின் ஒரு சொல்லை நம்பி ரோசலின் அன்ரியின் மார்பை வெட்டியிருப்பார்கள். யோகராணியை நோயோடு முகாமுக்கு அனுப்பியிருப்பார்கள்.

யோகராணிக்கு ஒப்பரேஷன் நடந்தது. பாதை திறந்ததும் மருந்தேற்றக் கொழும்புக்குப் போய்வந்தாள். சண்டை முடிந்த பிறகும் கிளினிக் நாட்களில் அவளைக் கண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கை தவறும், யாருக்கும் தவறும். அப்போது ‘தெரியாது’ என்று எழுதுங்கள். எழுதி, அந்த ஆளைத் தேடிப் போங்கள். திட்டு வாங்குவீர்கள். அதற்கு யாரும் சாவதில்லை.