புஷ்பராணி மான்செஸ்டருக்குப் போன வருடம்

1957ஆம் ஆண்டு நடுவில் புஷ்பராணிக்கு வெளிநாட்டில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்த செய்தி வந்தபோது, அவளுடைய மகள் சந்திரமதி இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருந்தாள்.

புஷ்பராணி சிங்கப்பூரில் புக்கிட் தீமா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள். ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கணவர் சிவசுப்பிரமணியம் தொலைபேசிப் பகுதியில் கிளார்க். ஓவன் ரோட்டில் மாடிவீடு ஒன்றின் கீழ்ப்பாதியில் வாடகைக்கு இருந்தார்கள். சனிக்கிழமை காலையில், காது கேளாத பிள்ளைகளுக்காகச் சிலர் சேர்ந்து நடத்திய சிறு வகுப்புக்குப் போய் அவள் உதவி செய்வாள். அங்கே சொல்லிக்கொடுத்த யாருக்கும் முறையான பயிற்சி கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கும் படிப்பு மான்செஸ்டரில் இருந்தது. பட்டதாரி ஆசிரியர் ஒருவரை அரசாங்கம் ஒரு வருடம் அங்கே அனுப்பும் என்று தெரிந்ததும் அவள் மனுப்போட்டாள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பது அப்போதே தெரியும். கிடைக்காது என்றுதான் நினைத்தாள். கிடைத்துவிட்டது.

"ஒரு வருஷம்தானே? கண்ணை மூடித் திறக்க ஓடிப்போகும். நீர் போயிட்டு வாரும்" என்றார் சிவசுப்பிரமணியம்.

அவளுடைய அக்கா இராசமலருக்குக் கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லை. கணவர் தில்லையம்பலம் ரயில்வேயில் வேலை பார்த்தார். தஞ்சோங் பகாருக்குப் பக்கத்தில் குவாட்டர்ஸ். செய்தி கேட்ட அன்றே இராசமலர் பஸ் ஏறி வந்து, தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளையை நான் பார்க்கிறன் ராணி. உனக்கென்ன பயம்?"

புஷ்பராணிக்குப் பயம் இருந்தது. போகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஊரார் சிலர் பின்னாளில் சொன்னதுபோல யாரும் அவளைத் தள்ளி அனுப்பவில்லை. செப்டம்பரில் கப்பல் ஏறுமுன், அக்காவின் தோளில் தூங்கிப்போயிருந்த பிள்ளையை எழுப்பாமல் அதன் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மான்செஸ்டரில் குளிரும் புகையும். பகல் முழுக்கப் படிப்பு, பயிற்சி. மற்றவர்களின் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, அவர்கள் கையைத் தன் தொண்டையில் வைத்து, ஒலி எங்கே பிறக்கிறது என்று உணரவைக்க வேண்டும். மாதத்துக்கொருமுறை இராசமலர் சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அனுப்பினாள். பிள்ளை நின்றது; பிறகு நடந்தது; பிறகு ரிப்பன் கட்டுமளவுக்கு முடி வளர்ந்தது. சிங்கப்பூரில் இராசமலரும் தங்கையின் படத்தைக் காட்டி, "அம்மா பார், அம்மா" என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அந்தப் படத்தை "அம்மாபார்" என்றே கூப்பிட்டது. இராசமலரைப் "பெரியம்மா" என்று கூப்பிட நாக்குப் புரளவில்லை. கடைசியில் உள்ள "அம்மா" மட்டும்தான் வந்தது.

ஒரு வருடம் கழிந்து கப்பல் திரும்பியபோது துறைமுகத்தில் எல்லாரும் நின்றார்கள். புஷ்பராணி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினாள். பிள்ளை அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, இராசமலரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"புது முகமெல்லே. ரெண்டு நாளில சரியாயிடும்" என்றார் தில்லையம்பலம்.

சரியாகவில்லை. முதல் சில வாரங்கள் இராசமலர் ஓவன் ரோட்டிலேயே வந்து தங்கினாள். அவள் இருக்கும்வரை பிள்ளை சிரிக்கும், ஓடும், புஷ்பராணி வாங்கிக் கொடுத்த பொம்மையோடுகூட விளையாடும். புஷ்பராணி சோறு ஊட்டப்போனால் வாயை இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் தில்லையம்பலத்துக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது.

அவர்கள் ரயிலேறிய அன்று பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அங்கேதான். மூன்றாம் நாள் அழுகை நின்றது. புஷ்பராணி நிம்மதியடைந்தாள். ஆனால் அழுகையோடு பேச்சும் நின்றுபோனது. ஊட்டினால் கொஞ்சம் விழுங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பேசத் தெரியாத பிள்ளைகளைப் பேசவைக்கப் படித்துவந்தவள், பேசத் தெரிந்த தன் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, "ஒரு சொல்லுச் சொல்லம்மா" என்று கெஞ்சினாள். பிள்ளை அவளைத் தாண்டிக் கதவையே பார்த்தது.

உடம்பு மெலிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு அங்க விடுவமே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் சிவசுப்பிரமணியம். "தேறினாப் பிறகு கூட்டிவரலாம்."

புஷ்பராணி பிள்ளையின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இராசமலரைக் கண்டதும் பிள்ளை "அம்மா" என்றது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அதன் வாயிலிருந்து வந்த முதல் சொல். இராசமலர் பதறிப்போய், "இல்லையடி, அம்மா அங்க நிக்கிறா" என்று தங்கையைக் காட்டினாள்.

"விடுங்கோ அக்கா" என்றாள் புஷ்பராணி. "கதைச்சிட்டாள்தானே. அது போதும்."

கொஞ்ச நாள் என்றது வருடமானது. பள்ளி விடுமுறை ஒவ்வொன்றிலும் புஷ்பராணி ரயிலேறிப் போனாள். தேக்காச் சந்தையில் பூப்போட்ட துணி எடுத்து, தானே தைத்த கவுன்களைக் கொண்டுபோவாள்; பாதி நேரம் அளவு சிறுத்திருக்கும். தன்னைப் பெற்றவள் யார் என்று பிள்ளைக்கு யாரும் மறைக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் அவள் "சின்னம்மா" என்று கூப்பிட்டாள். ஏழு வயதில், பள்ளிக்கூடம் சேர்ப்பதற்காகச் சிங்கப்பூருக்குக் கூட்டிவர ஒருமுறை முயன்றார்கள். இராசமலரே பெட்டி கட்டிக் கொடுத்தாள். பிள்ளை அடம்பிடிக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்று, "சின்னம்மா, நான் நல்ல பிள்ளையா இருந்தா என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவீங்கள்தானே?" என்று கேட்டது. புஷ்பராணி அந்தப் பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பினாள்.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பு பெரிதாகி முழுநேரப் பள்ளியாகியிருந்தது. புஷ்பராணி அங்கேயே சேர்ந்துவிட்டாள். மீன் விற்கிற ஹலீமா என்ற பெண்ணின் மகன் இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு ஒருநாள் தாயைப் பார்த்து "மா" என்றான். ஹலீமா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு புஷ்பராணியின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புஷ்பராணி சிரித்தாள், பையனைத் தட்டிக்கொடுத்தாள், கையை விடுவித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவள் அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும்வரை உள்ளே வரவில்லை.

1968 டிசம்பரில் சந்திரமதி பெரியவளாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். அதற்குள் சிங்கப்பூர் தனி நாடாகியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போவதற்கே பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. புஷ்பராணியும் கணவரும் பட்டுச்சேலையும் சங்கிலியும் கொண்டுபோனார்கள். கோலாலம்பூர் வீடு நிறையச் சனம். தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, பிள்ளையை நடுக்கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள். சபையில் இருந்த மங்களம் என்ற வயதான பெண், விவரம் தெரியாமல் குரல் கொடுத்தாள்.

"தாய் தகப்பன் வாங்கோ. பிள்ளை கும்பிடட்டும்."

சிவசுப்பிரமணியம் எழப்போனார். புஷ்பராணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இராசமலரும் எழவில்லை. "ராணி, நீ வா" என்று மெல்லக் கூப்பிட்டாள். தில்லையம்பலம் தரையைப் பார்த்தார். சேலை கட்டித் தெரியாத பிள்ளை மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் போவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தது.

"நீங்கள் போய் நில்லுங்கோ அக்கா" என்றாள் புஷ்பராணி. "பிள்ளையைத் தவிக்கவிடாதேங்கோ."

இராசமலரும் தில்லையம்பலமும் போய் நின்றார்கள். பிள்ளை விழுந்து கும்பிட்டது. இராசமலர் தூக்கி நிறுத்தும்போதே தேம்பினாள். அதன்பிறகு சந்திரமதி தானாகவே சின்னம்மாவிடம் வந்து குனிந்தாள். புஷ்பராணி அந்தத் தலையில் கையை வைத்தாள். மல்லிகையும் ஈர முடியும். எடுக்க மனம் வரவில்லை. பின்னால் யாரோ இருமிய பிறகுதான் எடுத்தாள்.

சாப்பாடு முடிந்து இராசமலர் அவளை அடுப்படிக்குள் இழுத்துப்போனாள்.

"உன்ரை பிள்ளையை நான் பறிச்சுப்போட்டன் எண்டு நினைக்கிறியா?"

"இல்லை அக்கா. நான்தானே தந்தன்."

கழுவாமல் கிடந்த பாத்திரங்களைச் சேர்ந்து கழுவினார்கள்.

மறுநாள் ஊர் திரும்பும் பகல் ரயிலில் சிவசுப்பிரமணியம், "ஒரு வருஷம்தானே எண்டு நான்தான் சொன்னன்" என்றார்.

"நீங்கள் சொல்லாட்டியும் நான் போயிருப்பன்" என்றாள் அவள். "எனக்குப் போக ஆசை இருந்தது. இப்ப நினைச்சாலும் அந்த ஆசையைப் பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அதுதான் என்னால தாங்கேலாமல் கிடக்கு…"

கெமாஸில் வண்டி நின்றது. அவர் இறங்கித் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். பத்து வருடத்தில் அவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல்தடவை. எதிரே இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு கையிலும் தேநீரோடு அவர் நடைவழியில் அப்படியே நின்றார். வண்டி நகரத் தொடங்கியபோது தேநீர் தளும்பி அவர் கையைச் சுட்டது.