இடப்பக்கம் கிழக்கார், வலப்பக்கம் மேற்கார்

கடலுக்கு எல்லையும் கரைக்கு அமைதியும் வகுத்த ஆண்டவருக்கே மகிமை உண்டாவதாக.

திரேசம்மா இன்று காலை இறைவனில் இளைப்பாறினார்... சற்றுமுன் அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் அறிவித்தாள்.

எங்கள் பங்குச் சபையில் இடம்பெற்ற முதற்பெண் அவர். மீன் விற்கும் பெண்ணுக்குச் சபையில் என்ன வேலை என்று முணுமுணுத்தவர்களுள், அன்று செயலாளராக இருந்த நானும் ஒருவன். ஆண்டவர் பொறுத்தருள்வாராக.

முதற் கூட்டத்துக்கு மீன்கடகத்தோடேயே வந்தார். "செக்கிரட்டரி அண்ணை, மணக்குதோ? பேதுருவானவரிலும் இந்த மணம்தானே அடிச்சிருக்கும்!"

பங்குச் சுவாமியார் சிரித்த சிரிப்பில் ஆரம்ப செபமே தாமதமாயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருவிழாவில் அந்தோனியாரின் திருவுருவமாகிய சுருவத்தைத் தூக்குவது ஓராண்டு கிழக்குத் தெரு, மறு ஆண்டு மேற்குத் தெரு. மேற்காரின் முறை வந்த ஆண்டில், போரினால் சுற்றுப்பிரகாரப் பவனியே நடைபெறவில்லை.

அடுத்த ஆண்டு, "எங்கடை முறை இன்னும் கழியேல்லை" என்றோம் மேற்காராகிய நாங்கள். "போன வருசம் போனதுதான்" என்றார்கள் கிழக்கார்.

சபை ஒருமனப்படாவிட்டால் சுருவம் கோயிலை விட்டு வெளியே வராது என்று சுவாமியார் கூறிவிட்டார். திருவிழாவுக்கு இரண்டே நாள். அந்தோனியார் தெருவுக்கு வருவாரா என்று ஊரே வாசலில் காத்து நின்றது...

திரேசம்மா எழுந்தார். "கரைவலையிலை ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்து ஆரேன் மீன் கண்டிருக்கினமே? இரண்டு பக்கமும் இழுபட்டாத்தான் வலை கரைக்கு வரும். சுருவம் தூக்கிற இடப்பக்கத் தண்டு கிழக்கார், வலப்பக்கம் மேற்கார். எழுதுங்கோ அண்ணை!"

எழுதினேன். சபை ஒருமனப்பட்டது.

ஆனால் எங்கள் தெருவார் நெட்டையர். சுருவம் வழிநெடுகக் கிழக்கார் பக்கமே சாய்ந்து வந்தது. நாங்கள் முகத்தைத் தூக்கினோம்.

"ஏன் கோவிக்கிறியள்? பாவம் கூடினவையின்ரை பாவசங்கீர்த்தனத்தைத்தானே அவர் குனிஞ்சு கேக்கவேணும்!" என்றார் திரேசம்மா.

இரு தெருவாரும் சிரித்த சிரிப்பில் அந்தோனியாரே குலுங்கினார்.

நாளை பின்னேரம் அடக்கம். பெட்டியைத் தூக்குவதற்கும் அதே ஒழுங்கு என்று சபை முடிவு செய்துள்ளது. இந்த வயதில் என்னைத் தோள் கொடுக்க விடமாட்டார்கள்... வலப்பக்கத்தில் ஒரு கை வைத்தாவது நடப்பேன்.

போய்வா, தங்கச்சி. இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்த உன் பக்கம் எது என்று அந்தோனியாருக்குத் தெரியும்.

இதனை வாசிக்கும் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. உங்கள் வலைகள் நிறைவதாக.