அம்மன் கூழைக் குடித்த குண்டுமல்லி

திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டு வராந்தாவில் நான்கு தொட்டிகளில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். இலை மட்டும் தளதளவென்று வரும், பூ வராது. வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினேன், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், அரிசி கழுவிய தண்ணீரையும் கொடுத்தேன். "என்னைய ஒரு நாளாவது இப்டி கவனிச்சிருக்கியா?" என்றார் என் கணவர். நீங்களும்தான் பூக்கவில்லையே என்றேன்.

கடைசியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கில் இறங்கினேன். தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று நாள் புளிக்கவிட்டு ஊற்றினால் செடி பூத்துத் தள்ளும் என்று காணை கிராமத்திலிருந்து வரும், என்னோடு வேலை பார்க்கும் தோழி சொன்னாள். நாற்றத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள், கீழே இருக்கும் வீட்டுக்கார அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப்படி ஏறி வந்தார்.

"ஏம்மா, எலி எதனா செத்துக் கெடக்குதா? இன்னொரு வாட்டி இந்த நாத்தம் வந்துச்சி, ஒரு தொட்டிகூட இங்க இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

சரிங்கக்கா என்று தலையாட்டினேன். தொட்டிகள் போய்விடும் என்று நினைத்தபோது அழுகையே வந்தது. ஆனாலும் புண்ணாக்கை விடுவதாக இல்லை. அடுத்த தடவை வாளிக்குப் பதிலாக, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் தூக்கில் ஊறப்போட்டுச் சமையலறை மூலையில் ஒளித்துவைத்தேன்.

அது ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு கேப்பை மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கொடுத்தால், கோயில் அண்டாவில் ஒன்றாகக் காய்ச்சுவார்கள். என் பங்கை இன்னொரு தூக்கில் கரைத்துப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டும் கல்யாணச் சீரில் வந்த ஜோடித் தூக்குகள். எனக்கோ சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

ஞாயிறு காலை அவசரமாக ஒரு தூக்கை எடுத்து, தண்ணீர் கலந்து நான்கு தொட்டிகளுக்கும் ஊற்றினேன். மற்றதைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். அண்டா அருகே வீட்டுக்கார அக்காதான் மாவை வாங்கிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"அய்யய்யோ! இன்னாம்மா இது? அதே நாத்தம்!"

பொய் சொல்லலாம் என்றால் சுற்றிலும் தெருவே நிற்கிறது, எதிரில் அம்மன் வேறு. "தூக்கு மாறிப் போச்சிக்கா. ஆத்தாவுக்குக் கரைச்ச மாவ செடிக்கு ஊத்திட்டேன்" என்றேன். தொட்டிகள் போயே போய்விட்டன என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா கூழு அதும் வேர்ல எறங்கிடுச்சே! இனிமே அத்த எடுத்துப் போட்டா நம்ம வூட்டுக்கு ஆவுமா? அங்கியே இருக்கட்டும்" என்றார். அன்று மாலையே மேலே வந்து நான்கு தொட்டிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் பக்தியோடு கைகட்டி நின்றேன். உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

சில நாளில் செடிகள் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டன. கூழா, புண்ணாக்கா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. பறிக்கலாம் என்று ஆசையாகக் கிண்ணத்தோடு போனால், எனக்கு முன்னால் அக்கா நின்று பறித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா செடிம்மா இது. அவுளுக்குப் போவ மிச்சம் இருந்தா நீ வெச்சிக்க" என்றார்.

தினமும் வருகிறார். இதுவரை மிச்சம் இருந்ததில்லை.