மாப்பிள்ளை அமுக்காத பொத்தான்

அவனை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுபோயிற்று. வாய் பேசும் முன் கை பேசிவிடும். பள்ளியில் ஒருவனின் பல்லை உடைத்தான். கல்யாணமான வருஷமே வீட்டுக் கதவை உடைத்தான். மனைவி அந்த உடைந்த கதவு வழியாகவே போய்விட்டாள். ஆனால் பழுதுபார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டால் அதே கை பூப்பறிக்கும்.

தங்கை மட்டும் அவனை விடவில்லை. வேலையிழந்த தன் புருஷனை அவனிடமே உதவியாளாக வேலைக்கு அனுப்பினாள்.

"அண்ணே, அவரு பயந்த சுபாவம். கைய மட்டும் வெச்சிடாதே."

"ச்சீ, மாப்பிள்ளை மேல கை வைப்பேனா?" என்றான் இடி. மனதாரத்தான் சொன்னான்.

ஒரு படத்தொகுப்பு நிலையத்தில் பெரிய கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. இருவரும் புதியதை மாட்டினார்கள். அதில் இரண்டு ரெய்டு கார்டுகள். ஒவ்வொன்றும் பல ஹார்டு டிஸ்க்குகளை ஒரே டிஸ்க்காகக் கட்டி வைத்திருந்தது. நிலையத்தின் படங்கள் மொத்தமும் அவற்றில்தான். சுவிட்சைப் போட்டதும் முதல் கார்டு திரையில் தன் இருப்பைச் சொன்னது. இரண்டாவது மூச்சே விடவில்லை.

கேபிள் கோளாறோ என்று வேறு கேபிள் எடுக்க இடி வண்டிக்குப் போனான். திரும்பியபோது மாப்பிள்ளை கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் கார்டின் அமைப்புப் பக்கம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைக்கும் கட்டளையும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"என்னடா அமுக்கினே?"

"ஒண்ணும் அமுக்கல மச்சான். சும்மா உள்ள போய்ப் பார்த்தேன்."

"ரெண்டாவது கார்டு எங்கடா?"

"நீங்க போறப்பவே அது வரலையே மச்சான்."

உண்மைதான். இடியின் காதில் அது எதிர்ப்பேச்சாக விழுந்தது. கையில் அகப்பட்ட இரும்புச் சட்டத்தால் ஓங்கி அடித்தான். தாடை நொறுங்குகிற சத்தம் கேட்டது. விழுந்தவனின் காதோடு சேர்த்து மறுபடி அடித்தான், நெஞ்சில் மிதித்தான். தடுக்க வந்த நிலையக்காரரின் மூக்கும் உடைந்தது. படம் தொகுக்கும் பெண் நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இறக்கிய பிறகுதான் நின்றான்.

மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடியை உள்ளே வைத்து வெளியே பூட்டினார்கள், போலீஸ் வரும்வரை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்தான்.

மதர்போர்டுக்கென்றே இருக்கும் ரெய்டு வசதி இயக்கத்தில் இருந்தது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனால் விழித்தெழும்போது கார்டுகள் தங்களை அறிவித்துக்கொள்ளக் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். வேலையற்ற இதுவும் உள்ளே உட்கார்ந்துகொண்டால், கடைசியாக வரும் கார்டுக்கு இடமிருக்காது. பழைய போர்டில் அதை அணைத்து வைத்தவனே இடிதான். புதியதில் அணைக்க மறந்தவனும் அவன்தான்.

அணைத்தான். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. இரண்டு கார்டுகளும் வரிசையாக வந்தன. ஒரு டிஸ்க்கும் குறையவில்லை, ஒரு படமும் அழியவில்லை. கீபோர்டில் அவன் தொட்ட இடமெல்லாம் மாப்பிள்ளையின் ரத்தம்.

காவல் நிலையத்துக்குத் தங்கை வந்தாள். அழவில்லை.

"அவரால வாயத் திறக்க முடியல. எழுதிக் காட்டினாரு, நான் எதையும் தொடலன்னு மச்சான்கிட்ட சொல்லுன்னு."

"தெரியும்மா," என்றான் இடி. "தப்பு என் மேலதான்."

"அது அவரு மேலயே இருந்திருந்தா? அடிச்சது சரியாகிடுமா?"

மாப்பிள்ளைக்கு அடிபட்ட அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை.

தண்டனை முடிந்து வந்தவன் நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனான். சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

"நீ திருந்தியிருப்பே அண்ணே. அதைச் சோதிச்சுப் பார்க்க என் வீட்ல ஆள் இல்ல."

கதவைச் சாத்தினாள். இடி அதை ஓங்கித் தட்டவில்லை. படியிறங்கி, வந்த வழியே நடந்தான்.