மதிவதனியின் மெட்டு

பாபநாசத்து அரிசி ஆலையில் மெஷின் பார்க்கும் தமிழ்மாறனுக்கு வீடும் ஆலையை ஒட்டியேதான். மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும்போதுதான் அங்கே இரைச்சல் அடங்கும். அந்த ஒருநாளில் மட்டும் மூன்று மாதம் முயன்று, மூன்றாவது முறைதான் கிடாரில் ஒரு மெட்டைத் திருப்தியாக வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்தான்.

மெட்டு நாகஸ்வரம் வாசிக்கும் கீழ்வேளூர் மதிவதனியுடையது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத் தம்பதி மாலை மாற்றும்போது நாகஸ்வரத்தில் வாசிப்பதற்கென்று அவளே அமைத்தது. அதைத் தன் போக்கில் நிதானமாக்கி வாசிக்கலாமா என்று அவன் கேட்டபோது, "தாராளமா வாசிங்கண்ணே. எம் பேரை மட்டும் முதல்ல சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத்தான் வாசித்தான்.

பதிவைத் தன் யூடியூப் சேனலில் ஏற்றியது முகுந்த், பள்ளியில் ஏழு வருஷம் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான்காம் நாள் மதிவதனி அழைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானேண்ணே கேட்டேன்?"

திறந்து பார்த்தான். அவன் பேசியது வெட்டப்பட்டிருந்தது. கீழே 'இசை: தமிழ்மாறன்' என்றிருந்தது. உடனே முகுந்தை அழைத்தான்.

"யாருடா உன்னை வெட்டச் சொன்னது?"

"பேச்சுல ஆரம்பிச்சா எவன்டா கேப்பான்? அம்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க. உம் பேரைத்தானே போட்டேன், எம் பேரையா போட்டேன்?"

"அழிச்சிடுடா."

"போடா பைத்தியக்காரா."

தமிழ்மாறன் அந்தப் பதிவின் கீழேயே எழுதினான்: 'இது என் மெட்டு இல்லை. கீழ்வேளூர் மதிவதனியுடையது.' அதை அவளுக்குக் காட்டலாமென்று சற்று நேரம் கழித்துத் திறந்தான். அந்த வரியையும் முகுந்த் நீக்கியிருந்தான்.