ஒரு தட்டுக்கு மிதி, இரண்டு தட்டுக்கு விடு

எங்கள் காரின் பிறேக்கை இயக்கிய மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருந்தது. விரிப்பை உயர்த்தி, ஒரு சிறு மூடியைக் கழற்றிக் குனிந்தால்தான் அதன் வாய் தெரியும். மிதிக்கும் காலின் விசையை எண்ணெய் வழியாக நான்கு சில்லுகளுக்கும் கொண்டுபோவது அந்த இரும்புக் குழல்தான். அதை நம்பித் தினமும் கந்தளாய்க்குப் போகத் தொடங்கும் வரை, நான் அதைப்பற்றி எண்ணிப் பார்த்ததேயில்லை.

எழுபதுகளின் முற்பகுதி அது. இறக்குமதி சுருங்கிப் போயிருந்தது. பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. கந்தளாயில் இரசாயனம் கற்பிக்கும் நியமனம் வந்தபோது என் மகள் மழலை பேசிக்கொண்டிருந்தாள். திருகோணமலை உவர்மலையிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து காலைப் பஸ்ஸைப் பிடித்தால், முதற்பாடம் முடிந்த பின்புதான் போய்ச் சேரலாம். பாடசாலை அதிபர் நல்ல மனிதர். சில நாட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆசிரியர் விடுதியில் எனக்கோர் அறை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். அங்கே தங்கினால் மகளை வார இறுதியில் மட்டுமே காணலாம். மறுத்தால் வேலை போகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்களிடம் இருந்தது ஒரு பழைய, கடற்பச்சை நிற மைனர் கார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த என் கணவர் சைக்கிளுக்கு மாறினார். நான் காரை எடுத்தேன். வழியில் தம்பலகாமத்தில் என் சக ஆசிரியை ஒருவர் ஏறிக்கொள்வார்.

சில வாரங்களில் பிறேக் மிதி பஞ்சைப்போல் இளகத் தொடங்கியது. ஒரு மிதிக்குப் பிடிக்க வேண்டியது மூன்றாவது மிதிக்குத்தான் பிடித்தது. கணவர் இதைத் தம் நண்பரிடம் சொன்னார். அந்த நண்பர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். மூதூருக்குப் போய்வரும் பயணிகள் படகான லோஞ்சியில் இயந்திரத்தைக் கவனிப்பவர். அவர்கள் பக்கத்தில் அண்ணனை அழைப்பதுபோல் நாங்கள் இருவரும் அவரை நானா என்றே அழைத்தோம். என் மகளுக்கு அவர் வெறும் "லோஞ்சி". பிறேக் எண்ணெய் கடைகளில் கிடைக்காத காலம். நானா தமக்குத் தெரிந்த ஒரு மாலுமியிடம் கேட்டு, கப்பலின் பாரந்தூக்கியில் ஊற்றும் எண்ணெயில் ஒரு போத்தல் வாங்கி வந்தார். கப்பற் சரக்கையே தூக்கி இறக்கும் எண்ணெய், இந்தச் சின்னக் காரை நிறுத்தாதா என்பது அவர்களுடைய வாதம். துறைமுகத்தை நம்பிப் பிழைத்த இருவருக்கு அது மிகவும் நியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு ஒரு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று எதுவும் சொல்லாமல் ஊற்றிவிட்டார்கள்.

மகிழ்ச்சிதான். திங்கட்கிழமை மிதி இறுகி நின்றது. செவ்வாயும் அப்படியே. அந்த வாரத்தின் இறுதி நாளில், தம்பலகாமத்தைத் தாண்டியதும் கார் தயங்கத் தொடங்கியது.

"ஆரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் பக்கத்திலிருந்த ஆசிரியை.

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிறேக் விடவில்லை. வயல்களுக்கு நடுவே கார் தானாகவே நின்றது. சில்லுகளிலிருந்து அனல் அடித்தது. கணவர் செய்யக் கண்டிருந்தபடி, பின்சில்லின் உட்புறத்திலிருந்த சிறு திருகைத் திருகுசாவியால் தளர்த்தினேன். எண்ணெய் பீறிட்டது, சில்லு விடுபட்டது. என் விரல்களில் இருந்தது பிறேக் எண்ணெயின் மணமல்ல. மூதூர் லோஞ்சியின் இயந்திர அறை மணம். அதை முகர்ந்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இறுகி நின்றது நல்லதாயிற்று. அதே கோளாறு பிறேக் பிடிக்காமற் போவதாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நான் மட்டும் காரில் இருந்திருந்தாலும் அது என்னோடு முடிந்திராது. எனக்கொரு மகள் இருந்தாள். பக்கத்திலிருந்தவரோ என்னை நம்பி ஏறியவர். காரை ஒரு கடையின் பக்கத்தில் தள்ளிவிட்டு, அவரைக் கந்தளாய் பஸ்ஸில் ஏற்றினேன். நான் திருகோணமலை பஸ்ஸில் திரும்பினேன். மாலையில் ஓர் உழவு இயந்திரம் காரை இழுத்து வந்து சேர்த்தது.

அன்று பாடசாலைத் தவணையின் கடைசி நாள். விடுமுறைக்குள் கார் சரிவராவிட்டால் அடுத்த தவணை முழுவதும் விடுதியில் தங்குவதென்று நான் தீர்மானித்தேன். கணவர், தூங்கிக்கொண்டிருந்த மகளின் போர்வையைத் தேவையில்லாமல் இரண்டு முறை சரிசெய்தார்.

மறுநாள் நானாவும் வந்தார். நான் ஒரு பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரே அளவாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கப்பல் எண்ணெயிலும் மற்றதை ஒரு பழைய பிறேக் எண்ணெய்த் தகரத்தின் அடியில் மிஞ்சியிருந்த சிறிது எண்ணெயிலும் போட்டு, குசினி யன்னலில் வைத்தேன். சில நாட்கள் கழித்து இருவருக்கும் எடுத்துக் காட்டியபோது, முதலாவது துண்டு தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் ஊதியிருந்தது; மற்றது போட்டபடியே இருந்தது. சிலிண்டருக்குள் எண்ணெயை முன்தள்ளுகிற றப்பர் கப்புகளும் இப்படித்தான் ஊதி, எண்ணெய் திரும்பி வரும் துளையை அடைத்துவிட்டன என்று விளக்கினேன்.

நானா அந்தத் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அண்டைக்கு நீங்க குளிக்காம இருந்திருந்தா இதெல்லாம் வந்திராது, தங்கச்சி" என்றார்.

"ஓம் நானா. இனிக் குளிக்கேக்கை உங்களிட்டைச் சொல்லிப்போட்டுக் குளிக்கிறன்" என்றேன். அந்த வாரத்தில் என் கணவர் முதன்முதலாகச் சிரித்தார்.

அதன்பிறகு நானாவைச் சில நாட்கள் காணவில்லை. கண்டியில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த தம் உறவினரிடம் தாமே போய், கப்புகள் முழுவதையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். மற்றக் கையில் ஒரு சிறு தகரம் பிறேக் எண்ணெய். கணவரும் அவரும் சிலிண்டரைக் கழற்றினார்கள். பெற்றோல் படவே கூடாது என்று சொல்லி, ஸ்பிரிட்டால் நானே அதன் உட்புறத்தைக் கழுவினேன். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தபோது அது கண்ணாடியைப்போல் இருந்தது; ஒரு கீறலும் இல்லை. கப்புகளின் விளிம்பு மடியாமல், சுத்தமான எண்ணெய் தடவி, விரல்களாலேயே உள்ளே செலுத்தினோம். நான்கு சில்லுகளுக்கும் புதியவை போட்டோம்.

இனிக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதியை அமர்த்திப் பிடிக்க, மற்றவர் சில்லின் திருகைத் திறந்து மூடிய பிறகுதான் மிதியை விடலாம். முந்தினால் காற்று மறுபடியும் உள்ளே ஏறிவிடும். கீழே படுத்திருப்பவரின் பேச்சு மேலே சரியாகக் கேட்பதில்லை. லோஞ்சியில், மேலே சுக்கான் பிடிப்பவர் மணியடித்துக் கீழே இருப்பவருக்குக் கட்டளை சொல்லுவார். அந்த வழக்கத்தையே நானா இங்கும் கொண்டுவந்தார். திருகுசாவியால் அடித்தகட்டில் ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் விடு.

"இத்தனை வருஷமா மேல இருந்து மணியடிச்சாங்க, நான் கேட்டன்" என்று காரின் அடியிலிருந்து குரல் வந்தது. "இண்டைக்குத்தான் கீழ இருந்து நான் அடிக்கிறன், தங்கச்சி. சொல் கேளுங்க."

நான் மிதியில், கணவர் என் காலடியில் குனிந்து, எண்ணெய் குறையாமல் ஊற்றும் பொறுப்பில். மடியிலிருந்த மகள் ஒவ்வொரு தட்டுக்கும் தன் காலையும் உதைத்தாள். அதை இரசித்துக்கொண்டிருந்த கணவர் ஊற்ற மறந்தார். சிலிண்டரில் எண்ணெய் வற்றிக் காற்று ஏறியது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நானா கீழிருந்து, லோஞ்சியின் எந்த மணியிலும் இல்லாத ஒரு நீண்ட தட்டுத் தட்டினார். அதன் பொருளைக் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

வெயில் சாய்ந்தபோது மிதி கல்லாக நின்றது. உவர்மலையிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நான் தனியாகப் போவதாகச் சொன்னேன்.  நானா அதற்குள் முன்கதவைத் திறந்து ஏறியிருந்தார்.

"நான் ஊத்தின எண்ணெய். அப்ப நான்தான் முன்னுக்கு இருக்க வேணும்" என்றார். "ஏலாது எண்டா, நீங்களும் இறங்குங்க."

சரிவில் வேகம் பிடிக்க விட்டேன். கீழே கடல் தெரிந்தது. நானாவின் இடக்கை சட்டென்று உயர்ந்து கதவுத் தகட்டை ஒரு முறை தட்டியது. மிதித்தேன். கார் தலையைத் தாழ்த்தி, இழுபடாமல், ஒரே கோட்டில் நின்றது. அவர் இரண்டு முறை தட்டினார். காலை எடுத்ததும் சில்லுகள் உடனே தளர்ந்து, கார் தானாக உருளத் தொடங்கியது. அந்தத் தளர்வுக்காகத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தவணை தொடங்கிய காலையில் விடுதி அறை வேண்டாமென்று அதிபரிடம் சொன்னேன். அன்று மாலை வீடு திரும்பி வாசலில் காரை நிறுத்தியபோது, மகள் ஓடி வந்து கதவுத் தகட்டை இரண்டு முறை தட்டினாள். நான் மிதியை விட்டு இறங்கினேன்.