பல்கணியில் வைத்த வான்கோழி

மார்கழியில் கடைகளில் வான்கோழி அடுக்கியிருக்கும் பக்கம் நான் இப்போது போவதில்லை. 

ஊரில் பட்டம் பெற்றவன் நான். சுவிற்சர்லாந்தின் லுசேர்ணுக்கு வந்து ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். வெந்த இறைச்சியை எலும்பிலிருந்து கழற்றி, தட்டையான பாத்திரத்தில் பரப்பி, உடனே குளிரில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் அது வெள்ளைக்காரருடைய பயம், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்பதற்காகச் செய்வது என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பலருக்கும் குளிர்காலத்தில் பல்கணிதான் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி. எது பிசகினாலும் கொதி சரியாக்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு மகள் ஒரு வான்கோழியை எங்கள் வீட்டில் வைத்து வாட்டினாள். பாதிக்கு மேல் மிஞ்சியது. என் மனைவிக்கு அப்போது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் தன் வீட்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடி சொன்னாள்:

"அப்பா, எலும்பைக் கழட்டிப்போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வையுங்கோ. அம்மான்ர உடம்பு இப்ப ஒண்டும் தாங்காது."

"எனக்கோ சமையல் பழக்கிறாய்?"

"பழக்கேல்லை அப்பா. கெஞ்சிறன்."

குளிர்சாதனப் பெட்டி நிறையக் கேக்கும் சோடாவும். வான்கோழியை, சூடு ஆற முன்பே, முழுதாகப் பெரிய சட்டிக்குள் இறக்கி, மூடி, பல்கணியில் வைத்தேன். மறுநாள், குளிர்காலத்திலும் சில நாள் அல்ப்ஸ் மலை தாண்டி வரும் சூடான காற்று வீசத் தொடங்கியது. கைப்பிடியில் இருந்த பனி சொட்டிக் கரைந்தது. அடுத்த நாள் வெயில் நேராகச் சட்டி மூடியில் விழுந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கோப்பி குடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். எழும்பிப் போகவில்லை.

மகள் தொலைபேசியில் கேட்டாள்: "மிச்சத்தை எறிஞ்சிட்டீங்கள்தானே?"

"ஏன் எறியவேணும்? இண்டைக்குக் கறி."

சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். ஊறிப்போன தரை துடைக்கும் துணியின் மணம், அதற்கடியில் இனிப்பாக இன்னொன்று. கொழுப்பு சாம்பல் நிறத்தில் தோல்கட்டியிருந்தது. கீழே உறைந்த சாற்றில் சின்னச் சின்னக் குமிழிகள். நெஞ்சு இறைச்சியைப் பிய்த்தேன். விரலோடு நூல் மாதிரி இழுபட்டது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மணந்தேன். திரும்பவும் கழுவினேன்.

அப்போதே கொட்டியிருக்கலாம். மகளிடம் கறி என்று சொல்லிவிட்டேனே என்ற வீம்பு விடவில்லை. இறைச்சியை வெந்நீரில் அலசினேன். வறுத்த கறித்தூளும் பழப்புளியும் மிளகும் அள்ளிப் போட்டு, சுண்டச் சுண்டக் கொதிக்க வைத்தேன். வீடு முழுக்கக் கறி மணத்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். உறைப்புக்குக் கீழே அந்த இனிப்பு அப்படியே இருந்தது. தொட்டிக்குள் துப்பினேன்.

பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு மனைவியிடம் கொண்டுபோனேன். மருந்தால் அவளுக்கு மணமும் ருசியும் போயிருந்தன. இறைச்சி சாப்பிட்டால் உடம்பு தேறும் என்று டாக்டர் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எப்பிடி இருக்கு?"

"உறைக்குது. வேற ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"வயிறு சரியில்லை. நீர் சாப்பிடும்."

முழுவதையும் சாப்பிட்டாள். எனக்காகத்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

பொழுதுபடும்போது அவளுக்கு வாந்தி தொடங்கியது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போட்ட கறித்தூளின் மணம் என் முகத்தில் அடித்தது. காய்ச்சல் ஏற, அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஜெர்மன் மொழியான டொச் எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"அம்மா என்ன சாப்பிட்டவ?"

"வான்கோழிக் கறி."

"நீங்களும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"நாறினது."

மகள் என்னைப் பார்க்காமல் அந்த ஒரு சொல்லை டாக்டருக்கு டொச்சில் சொன்னாள். அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டும், இந்த உடம்பு இப்போது தாங்காது என்றார் அவர். தள்ளிப்போட்டதால் நோய்க்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அவள் கட்டிலருகே இருந்து, பழுதென்று தெரிந்தே கொடுத்தேன் என்று சொன்னேன்.

"தெரியும். பிள்ளை சொன்னவள்."

 பிறகு பசிக்கிறது என்றாள். நான் சமையலறைக்குப் போக எழும்பினேன்.

"நீங்கள் இருங்கோ," என்றாள். "பிள்ளை வரட்டும்."